பிடி மட்டும் போதும்

கண்ணாடியக்காவின் வீட்டில் கண்ணாடி என்ற பொருளே கிடையாது. ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள், அலமாரிக் கதவில் அட்டை, தண்ணீர் குடிக்க எவர்சில்வர் டம்ளர். முகம் பார்க்கவும் தலைவாரவும் அவள் வேலைக்குத்தான் போயாக வேண்டும். கண்ணாடிக் கடையைத் திறந்ததும், யாரோ வாங்கப்போகிற ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று பின்னலைச் சரிசெய்துகொள்வாள்.

"முதல்ல என் மூஞ்சியக் காட்டிட்டுத்தான் அனுப்புறேன். அப்பத்தானே வாங்குறவங்களுக்கு அவங்க மூஞ்சி அழகாத் தெரியும்" என்பாள்.

முதலாளி சிரிப்பார். அவர் சிரித்தால் பாதகமில்லை, தும்மினால்தான் ஆபத்து. ஒருமுறை அவர் தும்மிய தும்மலில் சுவரோடு சாய்த்திருந்த பெரிய கண்ணாடி உச்சி முதல் உள்ளங்கால் வரை விரிசல் விட்டது. அதை 'மின்னல் டிசைன்' என்று சொல்லி ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் தலையில் கட்டியவள் இவள்தான். அந்தக் கடைக்காரர் இன்னொன்று வேண்டுமென்று கேட்டு வந்தார் என்பது அதைவிட விசேஷம்.

வேலையில் சூரி. கண்ணாடி அறுப்பவருக்கு இரண்டாவது கோடு கிடையாது. சக்கரக் கத்தியை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுக்கட்டையை ஒட்டி ஒரே இழுப்பு. பட்டு கிழிவதுபோல் சத்தம் வந்தால் கோடு சரி. பிறகு மேஜை விளிம்பில் வைத்து ஓர் அமுக்கு. அமுக்கும்போது கை யோசிக்கக் கூடாது; யோசித்தால் விளிம்பு பல்லுப் பல்லாக வரும்.

இப்படிப்பட்டவள் தன் வீட்டுக் கண்ணாடிகளை எல்லாம் தானே கழற்றி வெளியேற்றினாள் என்றால் அதற்குக் காரணம் அவளுடைய தம்பி, சின்னவன்.

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபின் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். பையன் சரியான வால். வாலைச் சுருட்டி வைக்கட்டும் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த டேக்வாண்டோ வகுப்பில் சேர்த்தாள். தனியாக இருக்க மாட்டேன் என்று அழுததால் தானும் சேர்ந்தாள். இவள் பச்சைப் பட்டையோடு நின்றுவிட்டாள். அவன் கறுப்புப் பட்டை வரைக்கும் போனான். அது கால்களின் வித்தை. பக்கவாட்டில் திரும்பி நின்று, முன்காலை இறகுபோல் வைத்துக்கொண்டு, எட்ட இருந்தே எதிராளியின் தாடையைத் தொட்டுவிட்டு வருவது. சின்னவன் உதைத்தால் உதை பட்ட பிறகுதான் அதன் சத்தம் வந்து சேரும் என்று வகுப்பில் சொல்வார்கள்.

வளர்ந்து கட்டடங்களுக்கு வெளிச்சுவர் வர்ணம் அடிக்கப் போனான். சாரம் சரிந்தது. தலை தரையில் பட்டது. பிழைத்தான். பிழைத்ததில் பாதிதான் வீட்டுக்கு வந்தது.

காலையில் சாப்பிட்டது என்ன என்று அவனுக்கு ஞாபகம் இருக்காது. சில நாள் தன் பெயரே தட்டுப்படாது. ஆனால் புத்தி மறந்ததைக் கால் மறக்கவில்லை. நாளெல்லாம் ஆட்டுக்குட்டிபோல் அக்காவின் பின்னால் சுற்றுபவன், திடீரென்று வலது காதைத் தேய்க்கத் தொடங்குவான். கண் படபடக்கும். அடுத்து அவன் பக்கவாட்டில் திரும்பி நிற்பான். முன்கால் இறகாகும். அவ்வளவுதான். முதலில் ஜன்னல்கள் போயின, பிறகு அலமாரி. ஒருநாள் மீட்டர் பார்க்க வந்தவர் கதவைத் தட்டிய வேகத்தில் நெஞ்சில் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தபடியே இறங்கினார்.

அதற்குப் பிறகுதான் சுகாதார அலுவலகத்து அம்மா வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷிதான்.

"இங்க பாரும்மா, இன்னொரு தடவை அவன் கால் யார் மேலயாவது பட்டுச்சுன்னு ஒரு போன் வந்தா போதும், வண்டி வந்துடும். பூட்டு போட்ட இல்லம்தான். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அந்த இல்லத்தை அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, ஒரே அளவு. குட்டையானவர்களுக்கு முழங்காலைத் தொட்டது, நெட்டையானவர்களுக்கு வயிறு தெரிந்தது. யாரும் யாரையும் பார்த்து உட்காரவில்லை. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் தகரம் அடித்திருந்தார்கள். தொழில்காரிக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நடுப்பகலில் விளக்கு எரிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தகரம் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

போன் செய்ய ஆள் தூரத்தில் இல்லை. மாடியில் குடியிருந்த மேல்வீட்டம்மா வேலைக்காலம் முழுதும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். எண் சுழற்றிச் சுழற்றி அவருடைய ஆள்காட்டி விரல் மற்ற விரல்களைவிட நீளமாகிவிட்டது என்று தெருவில் பேச்சு. அவருக்கு அக்கா மேல் உயிர். அதுவே வினை.

"ஏம்மா, உன் கையில என்ன கறுப்பா?"

"கண்ணாடி இடிச்சுதும்மா."

"உன் வீட்டுலதான் கண்ணாடியே இல்லையே!"

"கடையில இடிச்சுது."

"கடைக்கண்ணாடிக்குக் கால் முளைச்சிருக்கோ? நான் காது கேக்காதவ இல்லடி. ஒருநாள் இல்லேன்னா ஒருநாள் நான் போன் பண்ணத்தான் போறேன். உன்னைப் பொணமாப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

அக்கா செய்யாத வைத்தியம் இல்லை. டேக்வாண்டோவில் நடுவர் 'கல்யோ' என்றால் இருவரும் நிறுத்த வேண்டும். அது ஞாபகம் வந்து, ஒருநாள் அவன் உதைக்க எழும்போது "கல்யோ!" என்று கத்தினாள். சின்னவன் நடுக்காற்றிலேயே காலை மடக்கினான். பின்வாங்கி நின்றான். அக்காவுக்குத் தெய்வத்தைக் கண்ட மாதிரி இருந்தது. ஆனால் நடுவர் நிறுத்தினால் மறுபடி தொடங்கச் சொல்லவும் வேண்டுமே. கொஞ்சநேரம் காத்துப் பார்த்தான். யாரும் சொல்லாததால் தானே "கேசோக்" என்று சொல்லிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து உதைத்தான்.

அன்று வீங்கிய தோளோடு படுத்திருந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. எட்ட நிற்கும்வரை அவன் ராஜா. அந்தக் கால்களுக்கு இடம் வேண்டும். ஒட்டிக்கொண்டால் என்ன செய்வான்? ஆனால் ஒட்டுவது எப்படி?

டயர் கிடங்கின் பின்கட்டில் தாய் பாக்ஸிங் சொல்லிக்கொடுத்தாள் ஒருத்தி. பகலில் கேஸ் சிலிண்டர் போடுகிற பெண். அக்காவைவிட வயதில் நன்றாகச் சின்னவள். அவளுக்கு முழங்கை என்றே பெயர் நிலைத்துவிட்டது. திறக்காத ஓர் இரும்புக் கதவை முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினாளாம், கதவு திறந்ததோடு நிற்காமல் அவள் போனபின் தானே சாத்திக்கொண்டதாம். அக்கா அங்கே போய் நின்றாள்.

"என்னக்கா, உடம்பு இளைக்கவா?"

"இல்ல. எங்க தெருவுல ஒரு ரவுடி. காலைத் தூக்கினா ஆள் உசரம் தூக்குவான். அவனைப் பிடிச்சு நிறுத்தணும்."

முதல் பொய் அது. தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி 'ஏன் வீட்டுல வச்சிருக்கீங்க' என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி அவளுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்திருந்தது.

"நில்லு பார்க்கலாம்" என்றாள் முழங்கை. அக்கா நின்றாள்.

"இதென்ன, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி பக்கவாட்டுல? டேக்வாண்டோவா? அடக் கடவுளே. துள்ளாதக்கா, தரை சுடுதா என்ன? கை ஏன் இடுப்புல தொங்குது? மூஞ்சிக்கு முன்னாடி வை. நேரா நில்லு. இப்படிப் பக்கமா நின்னா நான் தொடையில ஒண்ணு போட்டா நீ ஒரு வாரம் உக்காந்து எந்திரிக்க மாட்ட."

போட்டும் காட்டினாள். உண்மைதான். கடையில் கண்ணாடி தூக்கும்போதெல்லாம் அக்கா அந்தத் தொடையைத் திட்டினாள்.

இரண்டு வித்தையையும் ஓர் உடம்பில் வைப்பது மாமியாரையும் மருமகளையும் ஓர் அடுப்படியில் விடுவதுபோல. ஒன்று தள்ளி நில் என்கிறது, மற்றது நெருங்கு என்கிறது. ஒன்றில் முட்டியால் இடித்தால் குற்றம், மற்றதில் இடிக்காவிட்டால் குற்றம். ஆனாலும் அக்கா விடாமல் போனாள். கடை அடைத்து, சின்னவனுக்குச் சோறு போட்டு, அவன் மாத்திரையின் அசதியில் தூங்குகிற நேரத்தில் போய் வந்தாள். நாளாக ஆக இரண்டுக்கும் நடுவே ஒரு வழி புலப்பட்டது. உதை எப்போது வரும் என்று படிக்க டேக்வாண்டோ. முன்இடுப்பு அசைந்தால் வருகிறது என்று பொருள். சறுக்கி உள்ளே புகவும் டேக்வாண்டோவின் அடிதான். உள்ளே புகுந்ததும் தாய் பாக்ஸிங். இரண்டு கைகளையும் எதிராளியின் பிடரியில் கோத்து, முன்னங்கைகள் இரண்டையும் அவன் நெஞ்செலும்பில் ஊன்றி, தலையைத் தன் தோளுக்கு இறக்கிவிடுவது. கழுத்துப் பிடி. தலை இறங்கினால் கால் எழாது.

"எனக்குப் பிடி மட்டும் போதும்" என்றாள் அக்கா.

"பிடி மட்டும்னு ஒண்ணு கிடையாதுக்கா. எலையப் போட்டுட்டு எழுந்து போவாங்களா? பிடிச்சா இழு, இழுத்தா முட்டி. ம், இழு! முட்டி! இழு! முட்டி!"

டயரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அதன் கழுத்தைப் பிடிக்கச் சொல்வாள். அக்கா பிடித்தாள், இழுத்தாள், முட்டியால் இடித்தாள்.

முதல்தடவை வீட்டில் அந்தப் பிடி விழுந்த நாளை அவள் மறக்க மாட்டாள். குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான வழியில் சின்னவன் திரும்பி நின்றான். இடுப்பு அசைந்தது. அவள் சறுக்கினாள். உதை அவள் முதுகுக்குப் பின்னால் காற்றில் போனது. கைகள் பிடரியில் கோத்துக்கொண்டன. அவன் திமிறினான், இழுத்தான், சுவரில் மோதினார்கள். பிறகு அவன் தலை கனத்தது. அவள் தோளில் மூச்சு சூடாக இறங்கியது. "க்கா, எனக்கு என்ன ஆச்சு?" என்றான். "ஒண்ணுமில்லடா, கட்டிப்பிடிச்சு விளையாடுறோம்" என்றாள்.

அதன்பின் மேல்வீட்டம்மா கீழே வந்து வேவு பார்த்தும் கறுப்புத் தடம் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

இத்தோடு அக்கா நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவளுக்கு அது பிடித்துவிட்டது. தகரம், மாத்திரை, காது தேய்க்கிற கை எல்லாவற்றையும் நாள் முழுதும் சுமக்கிற உடம்புக்கு, அந்த டயரில் முட்டி பதியும் சத்தம் ஆறுதலாக இருந்தது. "இழு! முட்டி!" என்று கத்துவதற்குள் முட்டி போய்விடும். முழங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்கடா, டேக்வாண்டோ கால்ல உள்ள போயி தாய் முட்டி போடுது அக்கா. சிலிண்டரே வெடிக்கும்!" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இப்போது முட்டியும் யோசிப்பதில்லை.

ஒரு விடுமுறைநாள் காலை. சின்னவன் காதைத் தேய்த்தான். அவள் கவலைப்படவில்லை, கையில் இருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். அவன் திரும்பினான். இடுப்பு அசைந்தது, சறுக்கினாள், கைகள் பிடரியில் கோத்துக்கொண்டன. முன்னங்கைகள் ஊன்றின. இழுத்தாள்.

முட்டி போனது.

அவள் அனுப்பவில்லை. டயர் என்று நினைத்துப் போனது. காய்ந்த குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம், அவளுக்கு மிகவும் பழக்கமான முறிவுச் சத்தம். சின்னவன் வாயைத் திறந்தான், மூச்சு வரவில்லை. தரையில் சுருண்டான். அவள் அவன் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு நொடி அவன் கண்கள் பழைய சின்னவனின் கண்களாகத் தெளிந்தன.

"முட்டி... ஃபவுல்க்கா" என்றான். "உனக்குத்தான் மைனஸ்."

ஆஸ்பத்திரியில் விலா எலும்பு ஒடிந்திருக்கிறது என்றார்கள். மேஜை முனையில் விழுந்தான் என்றாள். டாக்டர் நம்பினார். அவள் சொன்னதை அவள்தான் நம்பவில்லை. அவன் கட்டோடு படுத்திருந்தான். அவள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தன் வலது முட்டியை அடுத்தவர் வீட்டு நாயைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டயர் கிடங்குக்கு ஓடினாள். இந்தமுறை எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கை கேட்டுக்கொண்டே டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பியாக்கா? இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் முட்டியே கத்துக்குடுத்திருக்க மாட்டேனே!"

"இப்ப எடுத்துடு. முட்டியை மட்டும் எடுத்துடு."

"ஏத்துனத எறக்க முடியாதுக்கா. மெதுவாப் பிடிச்சு, மெதுவா விட்டுன்னு பழகினாலும் ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள..." அழுகையை மறைக்கத் தன் வழக்கப்படி கேலியில் இறங்கினாள். "இப்போதைக்கு உன் காலைக் கட்டிப்போட்டாத்தான் உண்டு."

ஒரு வருஷம். அக்காவுக்கு ஒரு வாரமே நிச்சயமில்லை. தள்ளி நின்றால் அவன் உதைப்பான், சத்தம் மாடிக்குக் கேட்கும், வண்டி வரும். பிடித்தால் அடுத்த விலா. அது நெஞ்சுக்குள் குத்திவிட்டால்? வழி இரண்டும் அடைபட்டவளுக்குக் கேலி எது, யோசனை எது என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. மறுநாள் கடையிலிருந்து, கண்ணாடிகளை வண்டியில் வரிந்து கட்டுகிற நைலான் பட்டை ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்தாள்.

விலா ஆறி அவன் எழுந்து நடமாடிய பிறகு ஒரு மாலை. வெளியே யாரோ பக்கத்துக் கதவைத் தட்டினார்கள். சின்னவன் காதைத் தேய்த்தான்.

அவள் ஒடுக்கு வழியில் போய் நின்று, பட்டையைத் தொடைகளைச் சேர்த்து, முட்டிக்கு மேலே சுற்றிச் சுற்றி இறுக்கினாள். கண்ணாடி கட்டுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். சறுக்க முடியாது இனி. உள்ளே புக முடியாது. அவன்தான் வர வேண்டும். முதல் உதையை வாங்கித்தான் பிடிக்க வேண்டும்.

வாங்கினாள். இடது கையில் விழுந்தது, விரல்கள் மரத்தன. தடுமாறிய வேகத்திலேயே முன்னால் விழுந்து அவன் கழுத்தைப் பிடித்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள், அவன் மேலே, அவள் கீழே. கைகள் கோத்துக்கொண்டன. இழுத்தாள். முட்டி துள்ளியது. பட்டை தடுத்தது. மறுபடி துள்ளியது. கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி திரும்பத் திரும்பத் துள்ளியது. பட்டை தோலை அறுத்தது, ஆனால் அவிழவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். போக மாட்டாய். இன்றைக்கு நீ போக மாட்டாய்.

அவன் தலை மெல்லக் கனத்தது. மூச்சு நீண்டது.

விழுந்த சத்தம் மாடிக்குக் கேட்டிருந்தது. மாற்றுச்சாவி மேல்வீட்டம்மாவிடம் இருந்தது. கதவு திறந்தது. அவர் கண்டது இதுதான்: கால்கள் கட்டப்பட்ட பெண் தரையில் அழுகிறாள், அவள்மேல் அவன் கிடக்கிறான்.

"அடப்பாவி! கட்டிப்போட்டா அடிக்கிற?"

அக்கா தலையை ஆட்டினாள். கத்த முடியாது. கத்தினால் இப்போதுதான் அடங்குகிறவன் மறுபடி கிளம்புவான். "அம்மா... வேண்டாம்... நான்தான்..." என்று மூச்சுக்காற்றில் சொன்னாள். கைகளை விடவும் முடியாது. மேல்வீட்டம்மா வந்த வேகத்தில் படியேறிவிட்டார். மாடியில் தொலைபேசியை எடுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அக்கா தம்பியின் பிடரியைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு எண்ணும் அழுத்தப்படுவதைக் கேட்டபடி கிடந்தாள்.

வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. வந்த இருவரும் மென்மையானவர்கள். சின்னவனைத் தூக்கி நிறுத்தினார்கள். அவன் தூக்கக் கலக்கத்தில் இருந்தான், எதிர்க்கவே இல்லை.

"உங்களைக் கட்டினது இவரா?"

"இல்லைங்க. நானே கட்டிக்கிட்டேன். சத்தியமா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் அவள் தலையில் கைவைத்தார்.

"எல்லா அக்காவும், எல்லா அம்மாவும் இப்படித்தாம்மா சொல்றாங்க. பயப்படாதீங்க. இனி அவர் இங்க வரமாட்டார்."

"கேளுங்க! அவன் தொடக்கூட இல்ல. நான்தான் அவன் விலாவ ஒடிச்சேன். நான்தான்!"

"சரிம்மா, சரி" என்றார் அவர், காய்ச்சலில் பிதற்றுகிறவளிடம் பேசுவதுபோல.

அவள் எழுந்தாள், விழுந்தாள். இரண்டு கால்களாலும் ஒன்றாகக் குதித்துக்கொண்டே வாசல்வரை போனாள். முடிச்சை இழுக்க இழுக்க இறுகியது. சின்னவன் படியிறங்கும்போது திரும்பி அவள் குதிப்பதைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். "க்கா, வா" என்றான். வண்டிக் கதவு சாத்திக்கொண்டது.

மேல்வீட்டம்மா கத்தரிக்கோலோடு ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். தடித்த நைலான் பட்டை லேசில் அறுபடவில்லை.

"இப்படிக் கட்டிப்போட்டிருக்கானே, படுபாவி..."

"நான் கட்டினதும்மா."

"எதுக்குடி? எந்தப் பைத்தியம் தன் காலைத் தானே கட்டும்?"

"முட்டி தானாப் போகுதும்மா. அவனைப் பிடிச்சாலே போயிடுது. அன்னைக்கு விலா ஒடிஞ்சது மேஜையில இல்ல, இதுல. அவனைக் காப்பாத்தத்தான் கட்டினேன். பிடி நின்னுச்சும்மா. இன்னைக்குப் பிடி மட்டும் நின்னுச்சு. அவன் அடங்கிட்டான். நீங்க வரும்போது அவன் தூங்கிட்டிருந்தான்."

கத்தரிக்கோல் நின்றது. மேல்வீட்டம்மா அவள் தொடையில் பட்டை அறுத்த இரத்தக்கோட்டைப் பார்த்தார், உள்ளிருந்து வெளியே முட்டிய தடம். பிறகு வெறி வந்தவர்போல் பட்டையை அறுத்தார். கடைசி இழை அறுந்தது.

"ஓடுடி" என்றார். "நான் மறுபடி போன் பண்றேன். தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்றேன். கேப்பாங்களா? கேக்க மாட்டாங்க. நீ ஓடு."

அக்கா ஓடினாள். கால்களில் இரத்தம் இன்னும் ஓடவில்லை, மரக்கட்டைகளாக இருந்தன. வாசலில் ஒருமுறை விழுந்தாள், தெருமுனையில் ஒருமுறை விழுந்தாள். வண்டி எந்தப் பக்கம் போயிற்று என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அந்தத் தகர ஜன்னல்களுக்குப் போகும் வழி அவளுக்குத் தெரியும்.